கை கேட்ட சத்தம்

போன மாதம் ஒரு நாள், விடியற்காலை நாலரை மணிக்கு அக்கா மகனிடமிருந்து வாட்ஸப்பில் ஓர் ஆடியோ வந்தது. பேச்சு எதுவும் இல்லை. எஞ்சின் உறுமல், நடுவில் ஒரு ‘டொக்’. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ‘டொக்’. அதற்குக் கீழே ஒரே வரி: “மாமா, ஸ்டியரிங் பாக்ஸ் வேலை பாத்து நாலே நாளுதான் ஆச்சு. மேஸ்திரிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க.”

அவனுடையது பன்னிரண்டு சக்கர லாரி. தவணை இன்னும் மூன்று வருடம் பாக்கி. ஸ்டியரிங் பாக்ஸில் ஆயில் சீல் போய் எண்ணெய் ஒழுகியது என்று கழற்றி, கிட் மாற்றி, திரும்ப மாட்டியிருந்தார்கள். ஒழுகல் நின்றுவிட்டது. ஸ்டியரிங்கில் இருந்த பிளேயும் போய்விட்டது. போனதற்குப் பதிலாக வந்து உட்கார்ந்ததுதான் இந்த ‘டொக்’.

மேஸ்திரி வீடு நாமக்கல்லில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. எழுபது தாண்டிவிட்டது, பட்டறையை மூடிப் பத்து வருடமாகிறது. திண்ணையில் உட்கார்ந்து போனைக் காதோடு ஒட்டி மூன்று முறை கேட்டார். பிறகு போனை என்னிடமே நீட்டினார்.

“இதுல சத்தம் மட்டுந்தான வருது. ஆட்டம் வரலையே. நான் கைய எங்க வெக்கறது?”

லாரிக்கும் அதன் சத்தத்துக்கும் அதைக் கேட்கிறவர்களுக்கும் நடுவில் நாற்பது வருடத்தில் என்ன மாறியது என்று யோசிக்க வைத்தது அந்தக் கேள்விதான்.

தோள் வலித்த காலம்

1983இல் நான் பதினாறு வயதுக் கிளீனர். சித்தப்பாதான் டிரைவர். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆவதற்கு வெகுகாலம் முன்பே நாமக்கல் லாரி ஊராகிவிட்டது. மலைக்கோட்டையைச் சுற்றி எந்தச் சாலையில் நடந்தாலும் ஒரு பாடி கட்டும் பட்டறை, ஒரு லேத், ஒரு ஸ்பிரிங் பட்டைக் கடை கண்ணில் படும். சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, எங்கள் ஊரில் டேங்கர் என்று சுற்றுவட்டாரம் முழுக்கச் சக்கரத்தில்தான் உருண்டது.

சாலையில் பெரும்பாலும் இரண்டே முகங்கள். ஒன்று, 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன எண்ணூர் கம்பெனியின் வண்டி. இன்னொன்று, 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கிய டாடாவின் வண்டி. எதுவானாலும் நான் ஏறிய வண்டிகளில் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு மனிதனின் தோளை விட்டால் வேறு உதவி கிடையாது.

இன்றைக்கு லாரி ஓட்டுகிற பையன்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நின்ற இடத்தில் லோடு வண்டியின் ஸ்டியரிங்கை ஒடிக்க முடியாது. வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, அந்த நகர்விலேயே ஒடிக்க வேண்டும். சித்தப்பா சீட்டை விட்டு எழுந்து, இரண்டு கையாலும் வளையத்தைப் பற்றி, உடம்பை அதன் மேல் சாய்த்துத் திருப்புவார். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடித்த அன்றிரவு அவர் கையால் சோற்றுருண்டையைத் தூக்க முடியாமல் தட்டையே வாய்க்கருகே கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பளுவெல்லாம் இரும்பிலிருந்து இரும்புக்குப் போனது. கையிலிருந்து ஸ்டியரிங் ராடு, ராடிலிருந்து பாக்ஸ், பாக்ஸிலிருந்து டிராப் ஆர்ம், அங்கிருந்து டிராக் லிங்க், பிறகு சக்கரம் சுழல்கிற கிங் பின், இந்தச் சக்கரத்தையும் அந்தச் சக்கரத்தையும் இணைக்கிற டை ராடு. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பந்து அல்லது ஒரு பின். ஒவ்வொன்றிலும் ஒரு கிரீஸ் நிப்பிள். கிரீஸ் கன்னோடு அடியில் நுழைந்து நிப்பிள் நிப்பிளாக அடிப்பது கிளீனர் வேலை. ஒன்றை விட்டுவிட்டால் அது இரண்டு நாளில் என்னைக் காட்டிக்கொடுக்கும்.

காய்ந்த கிங் பின் மெதுவாகத் திரும்புகையில் முனகும். தேய்ந்த பால் ஜாயிண்ட் பள்ளத்தில் இறங்கும்போது ஒரு முறை ‘டக்’ என்னும். சாக்கிள் பின் காய்ந்தால் பிரேக் பிடிக்கையில் பழைய கட்டிலைப் போலக் கிறீச்சிடும். ஸ்டியரிங் ராடின் புஷ் தேய்ந்தால் உள்ளங்கையில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு கிர்ர். எல்லாம் காய்ந்த இரும்பும் தேய்ந்த இரும்பும் போடும் சத்தம்தான். பதினேழு முடிவதற்குள் எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டன. கதவுக் கண்ணாடியே இல்லாத கேபினில் உட்கார்ந்திருந்தால் தெரியாமல் எப்படி இருக்கும்!

கேட்கிற முறை

ஸ்டியரிங் வேலை முடிந்தால் மேஸ்திரி காசு வாங்கமாட்டார். முதலில் வண்டியில் ஏறிக்கொள்வார். திருச்செங்கோடு ரோட்டில் ஒரு சுற்று. இடது பக்கம் ஒடி, வலது பக்கம் ஒடி, பள்ளத்தில் விடு, பிரேக் பிடி, ரிவர்ஸ் எடு. இவ்வளவும் வேலையோடு சேர்ந்தது, தனிக்கூலி கிடையாது.

சத்தம் ஏதாவது கேட்டால் அவர் கேட்பது மூன்றே கேள்வி. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் கூடுகிறதா? வண்டி வேகம் எடுத்தால் கூடுகிறதா? இரண்டும் இல்லாமல் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மட்டும் வருகிறதா? முதலாவதற்கு ‘ஆமாம்’ என்றால் எஞ்சின் பக்கம். இரண்டாவதற்கு ‘ஆமாம்’ என்றால் பேரிங், டயர், ஹப் பக்கம். மூன்றாவதுதான் ஸ்டியரிங்கின் வேலை. இந்த மூன்றுக்கும் பதில் வராமல் அவர் ஸ்பேனரைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை.

பிறகு நாலாவதாக ஒன்று கேட்பார்: “கடைசியா எதுல கை வெச்சாங்க?” வேலைக்கு முன்னால் இல்லாத சத்தம் வேலைக்குப் பின்னால் வந்தால், கழற்றி மாட்டிய இடத்தை முதலில் பார்க்க வேண்டும். முறுக்காமல் விட்ட நட்டு, பல் மாறி உட்கார்ந்த டிராப் ஆர்ம், வளைக்க மறந்த ஸ்பிலிட் பின், கழற்றும்போது நகர்த்தி வைத்துத் திரும்பக் கட்டாமல் விட்ட பிரேக் குழாய். பாதிச் சத்தம் இங்கேயே அகப்பட்டுவிடும்.

மீதிப் பாதிக்குத்தான் அவருடைய கை வேண்டும். வண்டி தரையில், முழு லோடோடு நிற்கும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாகிவிட்டது. நான் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் இரண்டு விரல் அளவு, அந்தப் பக்கம் இரண்டு விரல் அளவு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் உள்ளங்கையை வைப்பார். நல்ல மூட்டில் பந்தும் கூடும் ஒன்றாக நகரும். கெட்ட மூட்டில் ஒன்று முந்திக்கொள்ளும், இன்னொன்று பின்னால் வரும். நடுவில் இருக்கும் அந்த மயிரிழைத் தாமதம் கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும்.

காது எட்டாத இடத்துக்கு நீள ஸ்குரூடிரைவர். முனையை இரும்பில் வைத்துக் கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தினால் உள்ளே நடப்பது கேட்கும். ஸ்குரூடிரைவரும் நுழையாத இடத்துக்கு ஒரு முழ ரப்பர் குழாய். கிங் பின்மேல் சந்தேகம் வந்தால் முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புவார். சக்கரம் ஆடினால் அதோடு முடிவு கட்டிவிட மாட்டார். “பிரேக்க மிதி” என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுபடி நெம்புவார். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் குற்றவாளி வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங் பின். எங்கும் படிக்காமல் அவர் கற்ற தர்க்கம் அது. படித்தவர்கள் புத்தகத்தில் எழுதி வைத்ததும் அதேதான்.

எண்ணெயும் காற்றும்

பவர் ஸ்டியரிங் பிறந்ததற்கே காரணம் லாரிதான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்காவின் பியர்ஸ் ஏரோ கம்பெனியில் லாரிப் பிரிவின் பொறியாளராக இருந்தவர் பிரான்சிஸ் டேவிஸ். பெரிய வண்டியைத் திருப்ப மனிதர்கள் படும் பாட்டைப் பார்த்தவர், எண்ணெயின் அழுத்தத்தால் உதவலாம் என்று முயன்று, 1926இல் ஓடும் காரிலேயே செய்து காட்டினார். விற்பனைக்கு வந்த காரில் அது ஏறியது 1951இல்தான். எங்கள் ஊர் லாரியில் ஏறி, டிரைவர்கள் எல்லோர் தோளையும் இறக்கிவைக்க இன்னும் வெகுகாலம் பிடித்தது. 1929இல் சென்னையில் தொடங்கிய ரானே போன்ற நிறுவனங்கள் ஸ்டியரிங் பாக்ஸையும் பால் ஜாயிண்டையும் இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகு, ஜாமான் கிடைக்காமல் வண்டி நிற்பதும் குறைந்தது.

வேலை செய்கிற விதம் எளிது. எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயை அழுத்தி ஸ்டியரிங் பாக்ஸுக்கு அனுப்புகிறது. டிரைவர் வளையத்தைச் சற்றே திருப்பியதும் பாக்ஸுக்குள் இருக்கும் வால்வு வழிவிட, எண்ணெய் பிஸ்டனைத் தள்ளுகிறது. மிச்சத்தைப் பிஸ்டன் பார்த்துக்கொள்கிறது. ஒரு விரலால் பத்து டன் வண்டியைத் திருப்பலாம். முதல் தடவை பவர் ஸ்டியரிங் வண்டியை ஓட்டிவிட்டு இறங்கிய சித்தப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறது: “ஏமாத்தற மாதிரி இருக்குது கண்ணு.”

அவர் வாயில் ‘ஏமாற்று’ என்று வந்தது சும்மா இல்லை. முன்பெல்லாம் கிங் பின் காய்ந்தால் முதலில் தெரிந்துகொள்வது டிரைவரின் தோள்தான். ஸ்டியரிங் கனமாகும், சத்தம் அதற்குப் பிறகுதான். இப்போது கனத்தை எண்ணெய் வாங்கிக்கொள்கிறது. தேய்ந்த மூட்டு முற்றித் தட்டுகிறவரை டிரைவருக்கு ஒன்றும் தெரிவதில்லை.

சத்தங்களும் புதிதாக வந்தன. எண்ணெய் குறைந்தாலோ, எண்ணெய்க்குள் காற்று புகுந்தாலோ பம்பு ஊளையிடும். ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்குகிற ஊளை அது. ‘பம்பு அழுவுது’ என்பார் மேஸ்திரி. டேங்கின் மூடியைத் திறந்தால் எண்ணெய் பால் கலந்ததுபோல வெளுத்து நுரைத்திருக்கும். இதில் ஆளைக் குழப்புகிற இடம் ஒன்று உண்டு. டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தால் பம்பு எண்ணெயோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. ஒழுகலைத் தேடுகிறவனுக்கு அது அகப்படவே அகப்படாது.

பாக்ஸைக் கழற்றி மாட்டினால் காற்று புகாமல் இருக்காது. எடுத்துத்தான் ஆக வேண்டும். முன் ஆக்சிலைத் தூக்கி, எஞ்சினை அணைத்து, டேங்கில் எண்ணெய் விட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நிதானமாகத் திருப்ப வேண்டும். எண்ணெய் இறங்கும், மறுபடி விட வேண்டும், மறுபடி திருப்ப வேண்டும். பிறகுதான் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல், குமிழி அடங்குகிறவரை அதையே செய்ய வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. அந்தப் பொறுமையை மிச்சம் பிடித்து நேரே ஸ்டார்ட் செய்து முறுக்கினால் காற்று எண்ணெயோடு கடைந்து நுரையாகிவிடும். அன்று சாயங்காலமே பம்பு அழும். பம்பு போச்சு என்று புதுசும் வாங்குவார்கள்.

எல்லாச் சத்தமும் கோளாறு இல்லை என்பதும் தெரிய வேண்டும். ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்தால் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் வரும். போக இடமில்லாத எண்ணெய் வால்வின் வழியாகத் திரும்புகிற சத்தம் அது. அது வரும்தான். ஆனால் அப்படியே பிடித்து நிற்கக் கூடாது. சில விநாடிகளுக்கு மேல் பிடித்தால் எண்ணெய் கொதிக்கும், சீல் கெடும்.

மூடிய கேபின்

சாலையும் மாறியது. ஏழாம் நம்பர் ஹைவே என்று நாங்கள் சொன்னது 2010இல் 44 ஆனது. இரட்டை வழி நான்கு வழியாகிப் பள்ளங்கள் குறைந்தன. பள்ளம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பால் ஜாயிண்டின் தேய்மானத்தைச் சோதித்துச் சொன்னதும் அந்தப் பள்ளங்கள்தான். வழவழத்த சாலையில் நானூறு கிலோமீட்டர் ஒழுங்காகப் போகிற வண்டி, கல்குவாரிக்குள் திரும்பும்போதுதான் முதல் தடவை ‘டொக்’ என்கிறது.

பளுவும் கூடியது. 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பை உயர்த்தியபோது, இரண்டு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 6 டன்னாக இருந்தது 7 டன் ஆனது. பன்னிரண்டு சக்கர வண்டியிலோ திரும்புகிற ஆக்சிலே இரண்டு. முதல் ஆக்சிலின் அசைவை இரண்டாவதற்குக் கொண்டுபோக நடுவில் இன்னும் சில கம்பிகள், இன்னும் சில மூட்டுகள். அந்தக் காலத்து ஆறு சக்கர வண்டியில் மேஸ்திரி கை வைக்க வேண்டிய இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போது இரண்டு கை விரலும் போதாது.

எல்லாவற்றுக்கும் மேலே கேபின். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். மே மாத வெயிலில் எஞ்சின் சூட்டின் மேல் உட்கார்ந்து விஜயவாடா வரை போனவர்களைப் பார்த்தவன் நான். இந்தச் சட்டம் இருபது வருடம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்பேன். ஆனாலும் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, பாட்டையும் வைத்துவிட்டால், காய்ந்த கிங் பின்னின் முனகல் கேபினுக்குள் வராது. சத்தம் அங்கேதான் இருக்கிறது. கேட்கிறவன்தான் உள்ளே போய்விட்டான்.

ஒரு வேலை, மூன்று பட்டறை

மாப்பிள்ளையின் வண்டிக்கு என்ன நடந்தது என்று விசாரித்தேன். கழற்றியது ஒரு பட்டறை. பிரித்துக் கிட் மாற்றியது ஸ்டியரிங் பாக்ஸ் வேலை மட்டுமே பார்க்கிற இன்னொரு கடை. மாட்டியது முதல் பட்டறையிலேயே வேறொரு பையன். அதற்குப் பிறகு அலைன்மெண்ட் பார்த்தது மூன்றாவது இடம். அவரவர் வேலை சுத்தம். பில்லும் சுத்தம். சத்தம் மட்டும் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை. பாக்ஸ் கடைக்காரர், “எங்க பெஞ்சுல பிரஷர் வெச்சுப் பாத்துட்டுதானுங்க குடுத்தோம்” என்றார். மாட்டியவர், “பாக்ஸ்லதான் சத்தம்” என்றார். அலைன்மெண்ட்காரர் பிரிண்ட்டை நீட்டினார். இரண்டு தடவை பாக்ஸைக் கழற்றி மாட்டியாகிவிட்டது. சத்தம் அதே இடத்தில், அதே சுருதியில்.

ஸ்கேனரும் போட்டுப் பார்த்தார்களாம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு லாரிப் பட்டறையில் ஸ்கேனர் இல்லாமல் பிழைக்க முடியாது. புகை, யூரியா, சென்சார் என்று எஞ்சினில் நடக்கும் எதையும் அது எழுத்தில் சொல்லிவிடும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; முன்பு ஒரு நாள் தேடியதை இப்போது ஐந்து நிமிடத்தில் காட்டுகிறது. ஆனால் எண்ணெயால் ஓடுகிற ஸ்டியரிங்கின் தளர்ந்த போல்ட்டில் எந்தக் கம்பெனியும் சென்சார் வைக்கவில்லை. திரையில் ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று வந்ததைப் பையன்கள் வண்டியில் கோளாறு இல்லை என்று படித்துவிட்டார்கள்.

அன்று மட்டும் என்ன வாழ்ந்தது

இப்படியெல்லாம் எழுதுவதால் பழைய காலம் பொற்காலம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வளைந்த டை ராடை கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் நிமிர்த்தியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். காய்ச்சிய இரும்பின் பதம் போய்விடும் என்பது தெரிந்தே செய்தார்கள். புது ராடு வர நாலு நாள் ஆகும், லோடு காத்திருக்காது. ஸ்பிலிட் பின் இல்லை என்று ஆணியை வளைத்துச் செருகியதும் உண்டு. டிராப் ஆர்ம் நட்டை முறுக்கக் குழாயைச் செருகி இரண்டு பேர் தொங்குவார்கள். அது போதுமா, அதிகமா என்பதற்கு அந்த இரண்டு பேரின் எடைதான் கணக்கு. ஸ்டியரிங்கில் ஒரு மூட்டு கழன்றால் டிரைவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்படிப் போன வண்டிகள் சாலையோரப் பள்ளத்தில் கிடந்ததையும் கடந்து போயிருக்கிறோம். சித்தப்பா வேகத்தைக் குறைத்து, ஹாரனை ஒரு முறை மெதுவாக அழுத்திவிட்டுப் போவார்.

இன்றைக்கு டார்க் ரெஞ்ச் இருக்கிறது. எந்த நட்டுக்கு எவ்வளவு முறுக்கு என்று கம்பெனி எண் கொடுத்திருக்கிறது. வளைந்த ராடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுகிறார்கள். மேஸ்திரியே சொல்வார்: “எங் காதுக்குத் தெரிஞ்சது பாதிதான். மீதி, வண்டி போய்ச் சேந்தாத்தான் தெரியும்.” அன்று கேட்பதற்கு நேரம் இருந்தது, கருவி இல்லை. இன்று கருவி வந்துவிட்டது. வேலை பார்த்தவரும் ஓட்டுகிறவரும் ஒரே வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போய்வர நேரம் இல்லை.

சிவப்புத் தூள்

கடைசியில் மேஸ்திரியே வந்தார். படுக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பட்டறை வாசலில் லோடோடு வண்டி நின்றது. மூன்று கேள்வியும் கேட்டார். ஆக்சிலேட்டருக்குக் கூடவில்லை. வேகத்துக்குக் கூடவில்லை. நிற்கும்போது திருப்பினாலும் வந்தது, திருப்ப ஆரம்பிக்கிற அந்த முதல் நொடியில் மட்டும்.

“எஞ்சினப் போடு கண்ணு. இப்பிடியும் அப்பிடியும் ரெண்டு வெரல். அதுக்கு மேல வேண்டாம்.”

பவர் ஸ்டியரிங் வண்டியில் எஞ்சின் ஓடினால்தான் முழு பலமும் மூட்டுக்கு வரும்; தளர்ச்சி வெளிப்படும். ஆனால் எஞ்சின் இரைச்சலில் காதுக்கு வேலையில்லை. கைதான் கேட்க வேண்டும். தான் குனிய முடியாது என்பதால் பட்டறைப் பையனைக் கீழே படுக்கச் சொன்னார். நகர்கிற இடுக்கில் விரலை விடாதே, மேலோடு உள்ளங்கையை மட்டும் வை என்று இரண்டு தடவை சொன்னார். பையன் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். இரண்டாவது ஆக்சிலின் மூட்டுகள், நடுக்கம்பி, முதல் ஆக்சிலின் டை ராடு, டிராக் லிங்க், டிராப் ஆர்ம். ஒவ்வொன்றுக்கும் “இல்லீங்க” என்றான். பாக்ஸின் மேல் கை வைத்ததும் பேசாமல் இருந்தான். அப்புறம், “ஐயா, இதுவே ஆடுதுங்க” என்றான்.

பாக்ஸுக்குள் ஒன்றும் இல்லை. பாக்ஸே சேஸிஸின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், பிராக்கெட்டின் ஓரத்தில், போல்ட்டைச் சுற்றி, குங்குமம் சிந்தியதுபோலச் செம்பழுப்புத் தூள். இரும்பும் இரும்பும் மயிரிழை அளவு உரசிக்கொண்டே இருந்தால் விழுகிற துருத்தூள் அது. எழுதி வைத்த வாக்குமூலம் மாதிரி. ஆனால் போல்ட்டை முறுக்கித்தான் மாட்டியிருந்தார்கள். டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்கியிருந்தார்கள். பின் எப்படித் தளர்ந்தது?

கழற்றியதும் தெரிந்தது. வேலை முடித்து அனுப்புகிற பாக்ஸ் பளபளவென்று இருக்க வேண்டும் என்று கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பிராக்கெட்டோடு ஒட்டி உட்காரும் முகத்திலும் கெட்டியாக இரண்டு பூச்சு. முறுக்கிய போல்ட் அந்தப் பெயின்ட்டைத்தான் கவ்வியிருந்தது. லோடில் இரண்டு நாள் ஓடியதும் பெயின்ட் நசுங்கி உதிர்ந்தது. உதிர்ந்த கனத்துக்குப் பிடி தளர்ந்தது. இரண்டு தடவை கழற்றி மாட்டியும் அதே பெயின்ட்டின் மேலேயே மாட்டியதால் சத்தம் இரண்டு தடவையும் திரும்பி வந்தது. முன்பு பாக்ஸுக்குள் பிளே இருந்தபோது அது திருப்பத்தின் முதல் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டிருந்தது. பாக்ஸ் புதிதாக இறுகியதும் அதிர்ச்சி முழுவதும் போல்ட்டுக்குப் போனது.

“நாங்க பெயின்ட்டே அடிச்சதில்ல. அதனாலதான் எனக்கு இது தோணல” என்றார் மேஸ்திரி. தோற்றதை ஒப்புக்கொள்கிற குரல் இல்லை. புதிதாக ஒன்று தெரிந்துகொண்ட குரல்.

பையன் இரண்டு முகத்தையும் இரும்பு தெரியச் சுரண்டினான். போல்ட்டைப் புதிதாகப் போட்டு, கம்பெனி எண்ணுக்கு முறுக்கி, ஒவ்வொரு தலையிலிருந்தும் பிராக்கெட் வரை மஞ்சள் கோடு ஒன்று இழுத்தான். தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிவிடும். மேஸ்திரி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது நல்லாருக்குது” என்றார். ஏறி ஒரு சுற்றுப் போகலாமா என்று பையனிடம் கேட்டார். பட்டறை முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். மூன்று பேரும் ஏறிக்கொண்டு திருச்செங்கோடு ரோட்டில் திரும்பினார்கள். அரை மணி நேரம் கழித்து வந்தார்கள். மறுபடி முறுக்கிப் பார்த்ததில் இரண்டு போல்ட் சொற்பம் இடம் கொடுத்தன. அதையும் முறுக்கிப் புதுக் கோடு போட்டான் பையன்.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு மாப்பிள்ளையிடமிருந்து இன்னோர் ஆடியோ. அன்லோடிங் யார்டுக்குள் வண்டியைத் திருப்புகிறான் போலிருந்தது. எஞ்சின் உறுமல் மட்டும். முழுவதும் கேட்டேன், ‘டொக்’ இல்லை. காலையில் மேஸ்திரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

“கண்ணாடிய எறக்கிட்டுத்தான் புடிச்சானான்னு கேளுங்க.”